உப்பு வெயிலில் மட்டும் தெரிகிற படம்

குயிலாப்பாளையத்து ஸ்டூடியோவை விட்டு இறங்கி, கெஸ்ட் ஹவுஸ்களையும் ஸ்கூட்டர் வாடகைக் கடைகளையும் தாண்டி, கடற்கரைச் சாலையில் வடக்கே பார்த்து நடக்கத் தொடங்கிய பிறகுதான், அங்கிருந்த பெண் கொடுத்த உறை இன்னும் என் கையிலேயே இருப்பதைக் கவனித்தேன். உள்ளே பெரிய சைஸில் ஒரு படம். சிவந்த முகம், விரியத் திறந்த இரண்டு கண்கள், பளபளக்கும் மூக்குக் கண்ணாடி. பார்க்க லட்சணமான பெண்தான். என் அம்மா இல்லை. என் அம்மா சட்டைப் பையில் இருந்தாள். பிஸ்கட் அளவு அட்டைக்கு நடுவே, ஒரு சின்ன ஜன்னலுக்குள், கறுப்பாக.

நம் வயதுக்காரர்களுக்கு ஸ்லைடு பிலிம் ஞாபகம் இருக்கலாம். சாதாரண பிலிமில் நெகட்டிவ் வரும், அதிலிருந்து எத்தனை காகிதப் படம் வேண்டுமானாலும் போடலாம். ஸ்லைடு பிலிம் அப்படியில்லை. உள்ளே போன பிலிமே நிறத்தோடு படமாக வெளியே வரும். எடுத்தது ஒன்று என்றால் இருப்பதும் ஒன்றுதான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவேண்டும், அல்லது மெஷினில் போட்டுச் சுவரில் காட்டவேண்டும். அந்தச் சிவப்பையும் நீலத்தையும் நான் அப்புறம் எந்தப் படத்திலும் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் என் கல்யாண போட்டோ வெளுத்து மஞ்சளாகிவிட்டது, என் அடையாள அட்டைகளில் பூஞ்சை பிடித்துவிட்டது. அந்த ஸ்லைடில் மட்டும் ஒரு நிறமும் இறங்கவில்லை.

போன வருஷம் சித்தி செத்துப்போனாள். அம்மாவின் முகம் தெரிந்தவர்களில் அவள்தான் கடைசி. இப்போது நான் ஒருவன்தான் மிச்சம். எனக்கும் ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகிவிட்டது. நான் போய்விட்டால் இந்தக் கறுப்பு அட்டையைப் பார்க்கிறவர்கள் குப்பை என்று பெருக்கித் தள்ளிவிடுவார்கள். அதற்குள் காகிதத்தில் போட்டு வைத்துவிடலாம் என்றுதான் ஸ்டூடியோவுக்குப் போனேன்.

அந்தப் பெண் அதை இரண்டு விரலால் பக்குவமாக வாங்கினாள். வெள்ளைக்காரர்கள் சிலர் பழைய ஸ்லைடு கொண்டுவருவதுண்டாம்.

"இந்த பிலிமையே இப்ப யாரும் செய்யறதில்ல அங்கிள். எடுத்துட்டுக் கழுவாம வெச்சிருக்கறவங்களாலகூட ஒண்ணும் பண்ண முடியாது. கழுவுற மருந்தே கிடையாது" என்றாள்.

ஸ்கேன் மெஷினில் வைத்து எடுத்துப் பார்த்தாள். கறுப்பு வந்தது. வெளிச்சத்தைக் கூட்டினாள். கறுப்பில் புழுதி பறப்பதுபோல் புள்ளி புள்ளியாக வந்தது. மணிக்கணக்காகப் போராடினாள், டீ கூட வாங்கிக் கொடுத்தாள். கடைசியில், இருக்கிற கோடுகளை வைத்துக் கம்ப்யூட்டரே முகத்தை வரைந்து கொடுத்துவிடும் என்று சொல்லி, நான் சரி என்பதற்குள் வரைந்தும் விட்டாள். இல்லாத கண்ணாடியைப் போட்டு, இடுக்கின கண்ணைத் திறந்து, நிறத்தையும் கொஞ்சம் தூக்கி. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நன்றாயிருக்கிறது என்று சொல்லி, நன்றியும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

என் அம்மாவின் முகத்தை இல்லாத முகமாக மாற்றிக் கொடுத்தவர்களில் அவள் இரண்டாவது ஆள். முதல் ஆள் மரக்காணம் கடைத்தெருவில் போர்டு எழுதிக்கொண்டிருந்தார். அதைச் சொல்வதற்கு முன்னால் கேமரா வந்த பருவத்தைச் சொல்லவேண்டும்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அதோடு என் படிப்பும் முடிந்தது. அப்பா அம்மா இரண்டு பேரும் மரக்காணம் உப்பளத்தில் கூலி. எங்கள் தெருவுக்குப் பின் தெருவில் ஒரு பாய், துபாயில் கட்டட வேலைக்குப் போனவர், லீவில் வந்திருந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். மற்றவர்கள் டேப் ரெக்கார்டர் கொண்டுவருவார்கள், இவர் கேமராவும் மஞ்சள் டப்பாவில் பிலிமும் ஸ்லைடு காட்டுகிற மெஷினும் கொண்டுவந்தார். வீட்டுச் சுவரில் உருவம் விழக்கூடாது என்று அவருடைய அத்தா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் அவர் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியிலேயே திரிந்தார். அப்படித்தான் ஒருநாள் உச்சி வேளையில் உப்பளத்துக்கு வந்தார்.

பங்குனி மாதம். பாத்திகளில் தண்ணீர் முற்றி இளஞ்சிவப்பாக நின்றது. வாரிப் போட்ட உப்பு வரப்பு முழுக்கக் குவியல் குவியலாகக் கிடந்தது. அந்த வேளையில் உப்பளத்தில் வெயில் மேலேயிருந்து மட்டும் வராது, கீழேயிருந்தும் வரும். புதிதாக வருகிறவர்கள் கண்ணைத் திறக்கவே மாட்டார்கள்.

அம்மாவிடம் ஒரு கறுப்புக் கண்ணாடி இருந்தது. திருவிழாக் கடையில் வாங்கினது. வாங்கின வாரத்திலேயே இடது பக்கத்துக் கண்ணாடி கழன்று பாத்தியில் விழுந்துவிட்டது. அவள் விடவில்லை. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணாடியோடு அந்த பிரேமை மாட்டிக்கொண்டு, இடது கண்ணை மட்டும் இடுக்கிக்கொண்டு வேலை செய்தாள். உப்பளத்தில் அவளுக்கு 'ஒத்தக் கண்ணாடி' என்றே பெயர்.

பாய் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்துப் பார்த்து இறக்கினார். வெளிச்சத்தை அளக்கிற முள் கடைசிக்குப் போய் முட்டி நிற்கிறது, இதற்குமேல் வெளிச்சத்தைக் குறைக்கக் கேமராவில் வழியில்லை, படம் வெளுத்துவிடும் என்றார். பெண்களுக்கு அது சட்டென்று புரிந்துவிட்டது.

"எங்களுக்கே கண்ணு அவிஞ்சி போவுது பாய். உங்க பொட்டிக்கு மட்டும் கூசாதா?" என்றாள் அம்மா.

பிரேமைக் கழற்றி, மிச்சமிருந்த கண்ணாடியையும் கட்டைவிரலால் அழுத்தி எடுத்து, முந்தானையில் துடைத்து அவரிடம் நீட்டினாள். "இத அது கண்ணுக்குப் போடுங்க."

பாய் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டிருக்கும். வாங்கி லென்சுக்கு முன்னால் விரலால் பிடித்துக்கொண்டார். கூட இருந்தவர்கள், ஒத்தக் கண்ணாடி இப்போது வெறுங் கண்ணாடி ஆகிவிட்டாள் என்று கேலி செய்ய, அம்மா வேண்டுமென்றே அந்தக் காலி பிரேமை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டு, பலகையைப் பக்கத்தில் ஊன்றி நின்றாள். க்ளிக் என்று சத்தம் வந்தது. கண்ணாடியைத் திருப்பி வாங்கி பிரேமில் அழுத்தினாள். மறுபடி பலகையைப் பிடித்து உப்பு வாரப் போய்விட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னையும் சேர்த்து எடுக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அந்த பிலிமை இங்கே யாராலும் கழுவ முடியாது. வெளிநாட்டுக்குப் போய்த்தான் படமாகித் திரும்பவேண்டும். துபாய்க்குப் போகிற ஒருவர் கையில் பாய் ரோலைக் கொடுத்தனுப்பினார். பாய்க்குக் கல்யாணம் பேசி, லீவு நீண்டுகொண்டே போனது. உப்பளத்துப் பெண்கள் அவரைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் மூஞ்சி எங்கே சுற்றிக்கொண்டிருக்கிறது பாய் என்று கேட்பார்கள். அது கப்பலில் வருவதாக அம்மா பதில் சொல்வாள்.

புரட்டாசி கடைசியில் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லி கொடுத்தார்கள், மந்திரித்தார்கள், பிறகு புதுச்சேரிக்கு வேனில் கொண்டுபோனார்கள். திரும்பும்போதும் அதே வேன்தான்.

கருமாதிக்குப் படம் வேண்டும். வீட்டில் அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை. கல்யாணத்தில் எடுக்கவில்லை, ரேஷன் கார்டில் அப்போது படம் கிடையாது. போர்டு எழுதுகிறவரிடம் அப்பா போய் நின்றார். செத்தவர்களை வரைந்து கொடுப்பதும் அவர் தொழிலில் சேர்த்தி. படம் இல்லாவிட்டால் கூடப் பிறந்தவர்களை உட்கார வைத்து வரைவார். இரும்பை கிராமத்திலிருந்து எங்களுக்குச் சமைத்துப்போட வந்திருந்த சித்தியை, அம்மாவின் தங்கையை, கூட்டிப்போய் ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். வயதைக் கொஞ்சம் கூட்டி, நிறத்தைக் கொஞ்சம் ஏற்றி, அம்மா போட்டேயிராத கம்மலையும் போட்டுக் கொடுத்தார். கம்மல் இல்லாமல் செத்தவர்களை வரைவது வழக்கமில்லையாம். அப்பா அதை வாங்கி வந்து ஆணி அடித்து மாட்டினார். வந்தவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிற மாதிரியே இருக்கிறது என்றார்கள். இருக்கத்தானே செய்யும். சித்தி அடுப்படியில் உயிரோடுதானே இருந்தாள்.

பெரியவர்களுக்கு அப்போது மாலை போட ஒரு முகம் தேவைப்பட்டது, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது. நான் என்ன இழந்துகொண்டிருந்தேன் என்று அவர்கள் யாருக்கும் தெரியாது. கார்த்திகை போய் மார்கழி வருவதற்குள், கண்ணை மூடினால் எனக்குச் சுவரில் இருந்த படம்தான் வந்தது. அம்மாவின் குரல் இருந்தது, உப்பு வாசனை இருந்தது, வேலைக்குப் புடவைமேல் அவள் போடுகிற ஆண் சட்டையின் சிவப்பு இருந்தது. முகம் இருக்கிற இடத்தில் கம்மலோடு சித்தி இருந்தாள். பாயின் ரோல் வருமா என்பதை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தேன். வழியில் அவரைப் பிடித்துக் கேட்பேன். தொழுகைக்குப் போகிறவரையும் நிறுத்திக் கேட்பேன். அவர் ஒரு தடவைகூட எரிந்து விழவில்லை.

தை மாதம் வந்தது. பருவம் தொடங்குமுன் பாத்தியின் களிமண்ணை வரிசையாக நின்று மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பாய் அட்டைப் பெட்டியோடு வந்தார். மேஸ்திரியிடம் கேட்டு, கூழ் குடிக்கிற நேரத்தில் எல்லாரையும் உப்பு கோடவுனுக்குள் உட்கார வைத்தார். பகலிலேயே இருட்டாயிருக்கிற இடம் எங்கள் பக்கத்தில் அது ஒன்றுதான். மோட்டார் கொட்டகையிலிருந்து ஒயர் இழுத்தார்கள். வேட்டி கட்டித் திரை போடலாம் என்றார், அது காற்றில் ஆடியது. போன பருவத்து உப்பு கோடவுனில் மேடாகக் கிடந்தது. அதன்மேலேயே காட்டுங்கள் என்றார் மேஸ்திரி.

அப்படி ஒரு சினிமாவை நான் அப்புறம் பார்க்கவில்லை. உப்பு மேட்டில் பாலைவனம் விழுந்தது. ஒவ்வொரு கல்லும் மினுக்கியது. சிவப்பு லாரி, பச்சைக் கடல், கட்டில்களுக்கு மேல் காயப்போட்ட கைலிகள். மணல் நம் உப்பு மாதிரியே இருக்கிறதே, வாரி விற்றால் ஆகாதா என்று ஒருத்தி கேட்க, பாய் சிரித்தார். பிறகு, இது நம்முடையது என்று சொல்லிவிட்டு அடுத்ததைத் தள்ளினார்.

வானம் கருநீலமாக இருந்தது. உப்பு சாம்பலாக இருந்தது. நடுவில் ஒரு கறுப்பு உருவம். தலை எது, பலகை எது என்று தெரிந்தது. முகம் இல்லை.

பாய் முன்னும் பின்னும் ஏதோ திருகினார்.

"அவளே கண்ணாடியக் குடுத்து, அவளே மூஞ்சிய மூடிக்கினாளே" என்றாள் ஒரு கிழவி.

அப்பா எழுந்தார். "இதுல அவ இல்ல பாய்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

கூட்டம் கலைந்தது. பாய் அந்த ஸ்லைடை மட்டும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தப்பு தன்னுடையதுதான், அந்தக் கண்ணாடியை வைத்திருக்கக்கூடாது என்று, கூழ் கொண்டுவந்திருந்த சித்தியிடம் சொன்னார். தூக்கிப் போட மனசு வரவில்லை, உங்களிடமே இருக்கட்டும் என்று நீட்டினார். சித்தி வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் அப்பாவுக்குக் கூழ் கொண்டுபோகும்போது சித்தி என்னையும் கூட்டிப்போனாள். உச்சி வெயில். கோடவுனுக்கு வெளியே, மழைக்கு மூடியிருந்த ஓலையைப் பிரித்துவிட்ட உப்புக் குவியல் ஒன்று இருந்தது. அதைப் பார்த்தால் கண்ணில் ஊசி குத்துவதுபோல் இருக்கும். சித்தி தூக்குச் சட்டியைக் கீழே வைத்தாள். முந்தானை முடிச்சிலிருந்து ஸ்லைடை எடுத்தாள். முந்தின நாள் பாய் ஸ்லைடுகளை ஆகாயத்தில் பிடித்துப் பார்த்ததை அவள் கவனித்திருக்கிறாள். ஆகாயத்தைவிட வெளிச்சமானது எது என்று உப்பளத்து ஜனங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஸ்லைடை ஒரு கண்ணோடு ஒட்டி வைத்து, மறுகண்ணைக் கையால் பொத்தி, உப்புக் குவியலுக்கு எதிரே நின்றாள்.

ரொம்ப நேரம் நின்றாள். பிறகு வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

என் கண்ணில் வைத்தாள். முதலில் கறுப்புதான். பழகப் பழக உப்பு வெளுத்தது. பாத்தித் தண்ணீரில் இளஞ்சிவப்பு வந்தது. அம்மா போட்டிருந்த ஆண் சட்டை சிவப்பானது. அதற்கும் பிறகுதான் முகம் வந்தது, இருட்டு அறையிலிருந்து ஒருவர் வாசலுக்கு வருவதுபோல. கறுத்த முகம். மேலுதட்டில் வேர்வை. சிரிப்பில் தெரிந்த பல் இடுக்கு. மூக்கில் காலி பிரேம். இரண்டு பக்கமும் கண்ணாடி இல்லை, ஆனாலும் அவள் பழக்கத்தில் இடது கண்ணை மட்டும் இடுக்கியிருந்தாள்.

"நல்லா பாத்துக்கோ. சொவுத்துல இருக்கறது நான்டா. உங்கம்மா இவ. ரெண்டயும் கொழப்பிக்காத" என்றாள் சித்தி.

அப்பா பாத்தியிலிருந்து என்னவென்று கேட்டுக்கொண்டே வந்தார். ஸ்லைடைப் பார்த்ததும் வேண்டாம் என்றார். சித்தி விடவில்லை. தலையைப் பிடித்துத் திருப்பாத குறைதான். அவர் ஸ்லைடைக் கண்ணில் வைத்துக்கொண்டு, வேலையாட்கள் எல்லாரும் பார்க்கிற அளவுக்கு, அசையாமல் நின்றார்.

"கண்ணாடியே இல்ல. அப்பவும் எடது கண்ண இடுக்கிக்கினு நிக்கிறா பாரு" என்றார். சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்தது அப்போதுதான். பிறகு அதை விளிம்பில் பிடித்து என்னிடம் நீட்டினார். "நீயே வெச்சிக்கோ. என் கையெல்லாம் உப்பு."

பாயிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவரும் வந்து பார்த்தார். மாஷா அல்லாஹ் என்று முணுமுணுத்தார். வீட்டுக்குப் போய், அத்தர் பாட்டில் வந்த ஒரு தகர டப்பாவை எடுத்து வந்து, உப்புக் காற்று படாமல் இதில் போட்டு வை என்று கொடுத்தார். சித்திரையில் திரும்பிப் போனார். அப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் அப்பா சித்தியைக் கட்டிக்கொண்டார். மாலை போட்டு மாட்டின படத்தைக் கழற்றக்கூடாது என்றார்கள், அதனால் அது அங்கேயே இருந்தது. சித்தி அதற்குக் கீழேயே சமைத்தாள், இரண்டு பிள்ளை பெற்றாள், கிழவியானாள். என்னை உயிரோடு தொங்கவிட்டிருக்கிறார்கள் பார் என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டிச் சிரிப்பாள். போன வருஷம் அவள் செத்தபோது புதுப் படம் தேவைப்படவில்லை. மாலையை மட்டும் மாற்றினோம்.

நான் ஊரில் தங்கவில்லை. கால் நிற்காது எனக்கு. சூரத்தில் சாயப்பட்டறை, ரத்னகிரியில் மாந்தோப்பு, பெங்களூரில் கட்டடச் சென்ட்ரிங். எங்கே போனாலும் ஸ்லைடு கூட வந்தது. டியூப் லைட்டில் வைத்துப் பார்த்தேன், தெரியவில்லை. லாரி ஹெட்லைட்டில் வைத்துப் பார்த்தேன், கண்தான் கெட்டது. ஒரு தடவை மட்டும், குலு பக்கம் ஆப்பிள் பெட்டி சுமக்கப் போனபோது, பனி பெய்து வெயில் அடித்த ஒரு காலையில் அம்மா வந்தாள். பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு வேலை போயிற்று. தகர டப்பா சூரத் வெள்ளத்தில் போய்விட்டது. அட்டையை முகர்ந்தால் இன்னும் அத்தர் வாசனை இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஸ்டூடியோப் பெண்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நடந்துகொண்டே அதைத்தான் நினைத்தேன். போர்டு எழுதுகிறவரைப் போலவே அவளும், இல்லாததை இட்டு நிரப்பினால் எனக்கு ஆறுதலாயிருக்கும் என்று நம்பினாள். உறையைத் தூக்கிப் போடவில்லை. தடிமனான அட்டை உறை. அந்தப் படத்தை மடிக்காமல் அப்படியே வைத்து, அதற்கு முன்னால் ஸ்லைடைச் செருகினேன். வளையாமல் பத்திரமாக நின்றது. சித்தி தன் முகத்தைக் கொடுத்து அம்மாவைக் காத்து வைத்தது மாதிரி, இந்தப் படமும் ஏதோ ஒரு வேலை செய்துவிட்டுப் போகட்டும்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு மீன் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். மரக்காணம் என்றேன். சொந்த ஊரா என்றார். உப்பளம் இருக்கிற ஊர் என்றேன்.

மறுநாள் காலை நேராக உப்பளத்துக்குப் போய் வேலை கேட்டேன். மேஸ்திரி இப்போது ஒரு பெண்பிள்ளை. என் மகள் வயது இருக்கும், காதில் போனை வைத்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உப்பு வாரவெல்லாம் முடியாது பெரியவரே. பாத்தி பாத்தியா போய் ஆளுங்களுக்குக் குடிதண்ணி ஊத்தணும். உச்சி வெயில்லயும் நடக்கணும். நடப்பீங்களா?"

"நடக்கறது ஒண்ணுதாம்மா தெரியும்" என்றேன்.

மேசைக்குள்ளிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பக்கமும் கண்ணாடி இருந்தது. "மாட்டிக்கோங்க. மத்தியானத்துல இங்க ஒண்ணும் தெரியாது, கண்ணு கூசும்."

வாங்கி, உறை இருந்த தோள்பைக்குள் போட்டுக்கொண்டேன். தண்ணீர் கேன்களைத் தூக்கிக்கொண்டு வரப்பில் இறங்கினேன்.